காக்காய்க்கு நட்ட கொடிகள்

களத்திலிருந்து உங்கள் மாணவி போன் செய்தால், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து பேசுங்கள். மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். துறையில் புதிதாக ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் சொல்ல நினைப்பது இந்த இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காட்டுயிர்ப் படிப்பு என்றதும் புலியையும் யானையையும் நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். எம்.எஸ்ஸி. முதல் வகுப்பில் எங்கே வேலை செய்ய ஆசை என்று கேட்டால் முதுமலை என்பார்கள், வால்பாறை என்பார்கள். அருப்புக்கோட்டை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நான் அந்த ஊர்க்காரி. பஜாரில் எங்கள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது, "ஓணான எண்ணுறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டமாக்கும்" என்று கடைக்கு வந்து போனவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த ரோஷத்திலேயோ என்னவோ நான் மலைப் பக்கமே போகவில்லை. திருச்சுழிப் பக்கம் ஒன்றுக்கும் உதவாதென்று விட்டுவைத்திருந்த சரளைத் தரிசுக்குப் போனேன். அங்கே வெறும் தரையில் முட்டையிடும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியைப் பற்றித்தான் என் டாக்டர் பட்ட ஆய்வு.

கௌதாரியைவிடக் கொஞ்சம் உயரமான பறவை. நீளமான மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் தொங்கும் மஞ்சள் சதை. கூடு என்று அது எதையும் கட்டாது. கோடையில் தரையில் ஒரு சின்னப் பள்ளம், அதில் நாலு முட்டை, அவ்வளவுதான். முட்டை அந்த மண்ணின் நிறத்திலேயே கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது, தேடுகிறேன் பேர்வழி என்று மிதித்துவிடவும் கூடும். இன்றைக்குச் செல்போன் காட்டும் இடமும்கூடப் பத்துப் பதினைந்து அடி முன்னே பின்னேதான் இருக்கும். அதனால் கூட்டிலிருந்து வடக்கே பத்தடி தள்ளி ஒரு குச்சியை நட்டு, அதில் ஆரஞ்சு நாடா கட்டிவிடுவோம். என் ஆய்வுக்காக நான் கண்டுபிடித்துக்கொண்ட வழி இது. பிறகு துறையின் களக் கையேட்டில் நானே எழுதி வைத்தேன். 'மேடத்தோட நாடா' என்றே அதற்குப் பெயர். அந்த நாடாக்களை வைத்துக்கொண்டு நான் மூன்று கோடை அலைந்து கண்ட முடிவு, ஆள்காட்டியின் கூடுகளில் பெரும்பாலானவற்றைக் காக்கைகள் அழிக்கின்றன என்பது.

ரிஸ்வானா எங்களிடம் சேர்ந்தபோது நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அவளும் அருப்புக்கோட்டைப் பெண்தான். அவள் அத்தா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். லீவில் வந்திருந்தவர் மகளைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்தார். கையில் ஒரு பைனாகுலர் பெட்டி.

"புள்ள ஆசப்பட்டுச்சு, வாங்கியாந்தேன். நல்லதுதானான்னு பாத்துச் சொல்லுங்க மேடம்."

துறையில் இருந்த எல்லாவற்றையும்விட அது நன்றாக இருந்தது. சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பிறகு கொஞ்சம் தயங்கி, "கல்யாணத்துக்கு எடம் வந்துக்கிட்டு இருக்கு மேடம். ரெண்டு வருசம் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். படிச்சு முடிச்சு மேக்கொண்டு ஆராய்ச்சில எடம் கெடச்சா, படிக்கட்டும், நான் மறிக்கல. கெடைக்கலைன்னா நான் சொல்றத அவ கேக்கணும். எங்களுக்குள்ள இதான் பேச்சு" என்றார்.

"கெடச்சிரும் அத்தா" என்றாள் ரிஸ்வானா. பைனாகுலரை அதற்குள் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

அந்த வருடம் எங்கள் துறையில் இருந்தது ஒரே ஒரு ஆராய்ச்சி இடம். ஆய்வேட்டு மதிப்பெண்ணையும் வாய்மொழித் தேர்வையும் வைத்து அதை முடிவு செய்வார்கள். அவள் எந்தப் பறவையை எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. என் ஆய்வேட்டை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, "மேடம், நீங்க விட்ட எடத்துலருந்து நான் ஆரம்பிக்கிறேன்" என்று வந்து நின்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. முப்பது வருடத்தில் அந்த நூலகப் பிரதியைத் திறந்து படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

காலை முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, திருச்சுழிக்கு முன்னால் இறங்கி நடப்பாள். முக்காட்டுக்கு மேலே ஒரு தொப்பி. சித்திரை பிறந்து சில நாளிலேயே பதினாலு கூடுகள் கண்டுபிடித்துவிட்டாள். எந்த வருடமும் நான் அத்தனை பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. பதினாலு குச்சி, பதினாலு நாடா, கையேட்டில் உள்ளபடி வடக்கே பத்தடி.

அந்தத் தரிசில் முத்திருளாண்டி என்றொருவர் ஆடு மேய்ப்பார். நாடாக்களைப் பார்த்துவிட்டு அவளை ஓயாமல் கேலி செய்வாராம். "ஏத்தா, என்னத்தா இது? காக்காய்க்குக் கொடி நட்டுல்ல விருந்துக்குக் கூப்புட்டிருக்கீக!" என்று அவர் சொன்னதை அவள் ஒருநாள் துறையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அவர் வேடிக்கைக்குச் சொன்னார், நான் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். அவள் மட்டும் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த ஒரு நாள், துறையின் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் இருந்தேன். எங்கள் படிப்புக்கு மாணவர் சேர்க்கை குறைந்துகொண்டே வந்ததால், இதைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று பேச வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். போன் மூன்று தடவை அதிர்ந்தது. மேசைக்குக் கீழே குனிந்து எடுத்தேன்.

"மேடம், காக்கா நாடாவப் பாத்துத்தான் வருது."

"என்னம்மா சொல்ற?"

"நேத்து முட்டையே இல்லாத எடத்துல ஒரு குச்சிய நட்டு நாடாவக் கட்டிட்டு, தள்ளிப் போயி ஒக்காந்து பாத்தேன் மேடம். அர மணி நேரத்துல ரெண்டு காக்கா வந்து அந்தக் குச்சியச் சுத்திச் சுத்தித் தேடுது. ஒண்ணுமில்லாத எடத்துல மேடம்! அதுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. அஞ்சு கூடு போயிருச்சு. மிச்சத்துல நாடாவ எடுத்துரவா? நீங்க ஒரு தடவ வாங்க மேடம், வந்து பாத்தா ஒங்களுக்கே தெரியும்."

பருவத்தின் நடுவில் முறையை மாற்றக் கூடாது என்றேன். மாற்றினால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியாது, துறை ஒப்புக்கொண்ட ஆய்வுத் திட்டத்தை இஷ்டத்துக்கு மீற முடியாது என்றேன். "கூடு போறது இங்க வழக்கம்தான். என் ஆய்வுலயே எழுதியிருக்கேன், எடுத்துப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கூட்டத்தில் இருந்ததால் அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். ரொம்ப நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நடந்தது அதுவல்ல. அவள் பேசி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. நாடா காக்கைக்கு வழிகாட்டுகிறதென்றால் முப்பது வருடத்துக்கு முன்னாலும் அதுதான் நடந்திருக்கும். காக்கைகள் கூடுகளை அழிக்கின்றன என்று நான் கண்ட முடிவு, நானே காக்கைகளைக் கூட்டி வந்து காட்டிக் கொடுத்த முடிவு. அதற்குத்தான் எனக்குப் பட்டம். அதற்குத்தான் கையேட்டில் என் பெயர். மேசையைச் சுற்றிலும் துறையின் தரத்தை அளக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, அந்த நினைப்பை நான் போனோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நாலு நாள் அவள் நான் சொன்னபடி கேட்டாள். அதற்குள் இன்னும் நாலு கூடு போனது. ஐந்தாம் நாள் காலையில் மிச்சமிருந்த ஐந்து கூடுகளின் குச்சிகளையும் பிடுங்கிவிட்டாள். நாடா இல்லாமல் கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற கோட்டில் நடந்து, வலப்பக்கம் செல்போன் டவர் வேப்பமரத்தின் உச்சிக்கு நேராக வரும்போது நிற்க வேண்டும். காலடியில் முட்டை இருக்கும். ஒவ்வொரு கூட்டுக்கும் இப்படி இரண்டு கோடுகள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தரையில் ஒரு அடையாளமும் இல்லை.

ஐந்தில் நாலு கூடு பொரித்தது. அன்றைக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "குஞ்சு வந்துருச்சு மேடம். பஞ்சுக்குக் கால் மொளச்ச மாதிரி ஓடுது. கண்டிப்பா வாங்க." என் ஆய்வுக் காலம் முழுவதிலும் முட்டை பொரித்து நான் பார்த்தது இரண்டே தடவைதான். போயிருக்க வேண்டும். காலையில் ஒரு பஸ், நாற்பது நிமிடப் பயணம். போகவில்லை. போனால் அவள் சொன்னது சரி என்று என் வாயால் சொல்ல வேண்டிவரும்.

ஆய்வேட்டில் அவள் நாடாவைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. இது உன் தலைப்புக்கு வெளியே போகிறது என்று சொல்லி, அரைப் பக்கமாகச் சுருக்கிக் கடைசியில் சேர்க்க வைத்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. அந்த வயதில் நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் சண்டை போட இடம் கொடுத்த மனிதர், நான் அவளுக்கு அப்படி இருக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்தவர் மூத்த பேராசிரியர், என் ஆய்வைப் பல இடங்களில் பாராட்டிப் பேசியவர். ஏட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"பாதிக் கூட்டுக்கு மேல நாடா இருக்கு, மிச்சத்துக்கு இல்ல. அப்ப இந்த எண்ணிக்கைய நான் எதோட ஒப்பிடுறது? நடுவுல முறைய மாத்தச் சொன்னது யாரு?"

"காக்காய்க்கு நாடா பழகிப் போச்சு சார். மேடம்கிட்ட போன் பண்ணி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவரும் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா மேடம்?"

"இல்ல சார். அது களத்துல அவங்களா எடுத்த முடிவு" என்றேன்.

ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இத்தனை வருடத்தில் நான் பல பொய்கள் சொல்லியிருக்கிறேன், அவற்றில் எதுவும் என்னை இப்படிப் படுத்தியதில்லை.  ரிஸ்வானா அவரிடம் திரும்பி, "ஆமா சார், நானா எடுத்ததுதான்" என்றாள். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள்.

அவள் அத்தா அப்போதும் லீவில் வந்திருந்தார். வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஒங்க புண்ணியத்துல இம்புட்டுப் படிச்சிருச்சு மேடம்" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதையும் செய்தேன்.

அவள் தேறினாள், ஆனால் மதிப்பெண் போதவில்லை. ஆராய்ச்சி இடம் வேறொரு மாணவனுக்குப் போனது. நல்ல பையன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் ரிஸ்வானாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளையிடம், "இவுகதான் எங்க மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாள். ஒரு குழந்தை.

ஓய்வு பெற்ற முதல் கோடையில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. திருச்சுழி பஸ்ஸில் ஏறி அந்தத் தரிசுக்குப் போனேன். கையில் நாடா இல்லை. அவள் ஆய்வேட்டின் நகலை எடுத்துப் போயிருந்தேன். அதில் அவள் எழுதியிருந்தபடியே பனையையும் தொட்டியையும் கோட்டில் வைத்து நடக்கப் பழகிக்கொண்டேன். ஏழு கூடுகள் பார்த்தேன், ஆறு பொரித்தது. அடுத்த கோடையிலும் ஏறக்குறைய அப்படியே. ஆள்காட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சரளை மேட்டில் அது முன்பு போலவே கத்திக்கொண்டு என் தலைக்கு மேல் பாய்கிறது. துறைக்குப் போய்க் கையேட்டில் நாடா பற்றிய பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் ரிஸ்வானாவின் வழியை அவள் பெயர் போட்டு எழுதிக் கொடுத்தேன். என் பழைய முடிவு தவறென்றும், எப்படித் தவறென்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். துறையில் நீங்கள் இப்போது வைத்திருப்பது அந்தத் திருத்திய கையேட்டைத்தான்.

இதையெல்லாம் செய்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. காலை வெயில் ஏறும் முன்பு அந்தத் தரிசில் நடக்கும்போது பக்கத்தில் அவள் இல்லையே என்றுதான் இருக்கிறது. ஒரு குஞ்சு கல்லோடு கல்லாகப் பதுங்கிக் கிடப்பதைப் பார்த்தால், யாரிடமாவது காட்ட வேண்டும் என்று கை தானாக நீளுகிறது. அந்தத் தொப்பியும் பைனாகுலரும் ரோட்டோரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வராதா என்று எத்தனை நாள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பறவையைக் காப்பாற்றத்தான் நாம் படிக்கிறோம். அதை அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருத்தியை நான் இழந்துவிட்டேன். இன்னொருத்தி கிடைப்பாள் என்று சொல்லாதீர்கள். கிடைக்கலாம். எனக்கு அவள்தான் வேண்டும்.

இந்தப் பக்கங்களை எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கிப் போன வாரம் பேசினேன். நலம் விசாரித்தோம். குழந்தையைப் பற்றிச் சொன்னாள். நான் எழுதப் போவதைச் சொன்னேன், எழுதுங்க மேடம் என்றாள். பிறகு எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"அன்னைக்கு அந்த ரூம்ல நான் உண்மையச் சொல்லியிருக்கணும் ரிஸ்வானா."

 

"எடம் கெடைக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மேடம்" என்றாள். "அதுக்காக ஒங்கள நெனச்சு வருத்தப்படல. வெளிய அத்தா ஒக்காந்திருந்தாகல்ல? எடம் இல்லைன்னாலும் இன்னும் ஒரு வருசம் மட்டும் அவுககிட்ட தவணை கேட்டுப் பாக்கலாம்னு நெனச்சுக்கிட்டுத்தான் உள்ள வந்தேன். 'தப்பு என் பேர்ல இல்ல அத்தா, மேடமே உள்ள ஒத்துக்கிட்டாக'ன்னு சொன்னா அத்தா விட்ருப்பாக. வெளிய வந்தவொடன என்னத்தா ஆச்சுன்னு கேட்டாக. நானா எடுத்த முடிவு தப்பாப் போச்சுன்னு சொன்னேன். அதுக்கப்பறம் எந்த வாயால மேடம் ஒரு வருசம் கேக்குறது?"

 மாட்டிக்கொண்டால் வாத்தியார்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன், பாடத்துக்குப் போனேன். ஒற்றைப் பனைக்குக் கிழக்கே இந்த வருடமும் ஆள்காட்டிச் சோடி ஒன்று முட்டை வைத்திருக்கிறது என்றேன். இன்னும் இரண்டு நாளில் பொரித்துவிடும் போலிருக்கிறது என்றேன். 

"நாலு முட்டையுமா இருக்கு?"

"நாலும் இருக்கும்மா. குஞ்சு வந்தவொடன போட்டோ எடுத்து அனுப்பவா?"

"வேணாம் மேடம்" என்றாள். "பாத்துட்டா எனக்கு இங்க இருக்க முடியாது."